பாட்டி யோசிக்கிறாங்க, டீச்சர்!

சென்ற வாரம் மாணவர்களின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு கிள்ளான் வாசகர் ஒருவர், "கையெழுத்து இருக்கட்டும் டீச்சர், பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதே குறைந்துபோய்விட்டதே, அதைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வெண்பலகையில் 'நமது வகுப்பு வலையொலி' என்று எழுதினேன்.

"டீச்சர், அப்போ நாங்க மேக்கப் போட்டுட்டு வரணுமா?" என்று முன்வரிசை மாணவி கேட்டாள்.

"எதுக்கும்மா மேக்கப்?"

"வலையொளின்னா வீடியோ எடுப்பீங்கதானே?"

நம் நாட்டில் யூடியூப்பை வலையொளி என்கிறோம். பாட்காஸ்டை வலையொலி என்கிறோம். ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஒன்று கண்ணுக்கு, மற்றொன்று காதுக்கு. "சரி, இரண்டு சொல்லையும் உரக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். வகுப்பில் இருக்கும் 17 பேரும் சொன்னார்கள். இரண்டு சொல்லும் ஒரே மாதிரிதான் என் காதில் விழுந்தன. இந்த வேலை எங்களுக்குத் தேவைதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பாட்காஸ்ட் என்பது வானொலி நிகழ்ச்சி போன்றதுதான். அது ஒலியேறும் நேரத்துக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை; வேண்டிய நேரத்தில் இறக்கிக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம். பாட்காஸ்ட் என்ற சொல்லை 2004ஆம் ஆண்டில் பென் ஹேமர்ஸ்லி என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் கார்டியன் நாளிதழில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஒமாஹா நகரில் வில்லோடேல் தொடக்கப்பள்ளி மாணவர்கள், தாங்கள் படிக்கும் பாடங்களை வைத்துத் தங்களுக்கென ஒரு வலையொலியைத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே இது ஒன்றும் நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. தாமதமாக வந்து சேர்ந்தவள் நான்.

எங்களிடம் இருந்த கருவிகளையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. அதனால் நான் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய கைப்பேசி ஒலிப்பதிவுக் கருவியாயிற்று. வெட்டி ஒட்டுவதற்குப் பள்ளி மடிக்கணினியில் ஒடாசிட்டி என்ற மென்பொருளை இறக்கிக்கொண்டோம். அது இலவசம். பதிவறை? அதுதான் சிக்கலாக இருந்தது. வகுப்பறையில் பதிவு செய்தால் காற்றாடிச் சத்தம், வெளியே லோரிச் சத்தம், பக்கத்து வகுப்பில் வாய்பாடு ஒப்புவிக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தன. கடைசியில் இரவல் பாடநூல்களை அடுக்கி வைக்கும் அறைதான் கைகொடுத்தது. நான்கு பக்கமும் புத்தகங்கள் இருந்ததால் எதிரொலி அடங்கிவிட்டது. காற்றாடியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினால் வியர்த்துக் கொட்டும். மழை வந்தால் தகரக் கூரை எங்களைப் பேசவிடாது. மற்றபடி நல்ல அறை.

முதல் நிகழ்ச்சிக்கு நானே மூன்று பக்கம் எழுதினேன். தலைப்பு 'எங்கள் பள்ளி'. மாவட்ட அளவில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவியிடம் கொடுத்தேன். மணி மணியாகப் பேசக்கூடியவள். "பேரன்புமிக்க நேயர்களே!" என்று தொடங்கி, போட்டி மேடையில் செய்வதுபோலவே கையை வீசினாள். கை பட்டுக் கைப்பேசி கீழே விழுந்தது. மறுபடி பதிவு செய்தோம். நான்கு நிமிடம், ஒரு பிழை இல்லை.

மறுநாள் வகுப்பில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்தில் பின்வரிசையில் அழிப்பான்கள் உருள ஆரம்பித்தன. முடிந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவன் மட்டும் எழுந்து, "சபைக்கூடல் மாதிரி இருக்கு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பையன் சொன்னது உண்மை. திங்கட்கிழமை சபைக்கூடலில் வெயிலில் நின்று நாம் எல்லாரும் கேட்ட, எதுவும் மனத்தில் நிற்காத உரை அது.

"அப்படியென்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்?" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். திரும்பி வந்த தாள்களில் இப்படியெல்லாம் இருந்தன. கேன்டீன் நாசி லெமாக் ஏன் சீக்கிரம் முடிந்துவிடுகிறது? பள்ளி வேன் அங்கிள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? தலைமையாசிரியர் சின்ன வயதில் ரோத்தானால் அடி வாங்கியிருக்கிறாரா? நம்முடைய பள்ளி முன்பு தோட்டத்தில் இருந்தது என்கிறார்களே, அந்தத் தோட்டம் எங்கே?

எல்லாம் கேள்விகள். உரை ஆற்ற ஒருவருக்கும் ஆசை இல்லை. யாரிடமாவது போய் எதையாவது கேட்கத்தான் ஆசை.

அமெரிக்காவில் என்பிஆர் என்ற பொது வானொலி 2019இல் மாணவர்களுக்கான வலையொலிப் போட்டியை முதன்முறையாக நடத்தியது. உயர்நிலைப் பிரிவில் வென்றவர்கள் டென்னசி மாநிலத்தின் எலிசபெத்தன் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம் உலக அமைதியோ அறிவியல் வளர்ச்சியோ இல்லை. அந்த வட்டாரத்தில் எர்வின் என்று ஓர் ஊர். 1916இல் ஒரு சர்க்கஸ் யானையைத் தூக்கிலிட்டுக் கொன்ற ஊர் என்ற கெட்ட பெயர் அதற்கு. அந்தப் பெயரிலிருந்து அந்த ஊர் எப்படி மீண்டு வருகிறது என்று மாணவர்கள் விசாரித்தார்கள். பக்கத்து ஊர்க் கதைதான். அது நாடு முழுவதும் கேட்டது. என் மாணவர்களின் தாள்களைப் பார்த்தபோது இவர்களும் சரியான பாதையில்தான் இருக்கிறார்கள் என்று தைரியம் வந்தது.

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்தேன். கேள்வி கேட்பவர்கள், பதிவு செய்பவர்கள், வெட்டித் தொகுப்பவர்கள், அறிவிப்பாளர்கள். அறிவிப்பாளர் குழுவுக்குப் போட்டி. தொகுக்கும் குழுவுக்கு ஒரே ஒருவன்தான் தானாகக் கை தூக்கினான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்றாவது வரிசை, சன்னலோரம். திக்குவாய் இல்லை, காது நன்றாகக் கேட்கும், எழுத்தும் மோசமில்லை. ஆனால் வகுப்பில் பேச மாட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், மேலே கூரையைப் பார்ப்பான். நானும் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு போனபிறகு தொடக்கப்பள்ளியில் வகுப்பறை மதிப்பீடுதான் முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டல், பேச்சுத் திறனில் ஆறு நிலைகளில் அவனுக்கு இரண்டாம் நிலை போட்டிருந்தேன். அதைப் போடும்போது எனக்குத் தயக்கம்கூட வரவில்லை. தொகுப்பு வேலையில் பேச வேண்டியதில்லை என்பதால்தான் அவன் அதைத் தேர்ந்தெடுத்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒலிப்பதிவு தொடங்கிய வாரம் வகுப்பில் ஒரே கூச்சல். "ஐயோ, இது என் குரலே இல்ல டீச்சர்!" என்று ஒவ்வொருவராக அலறினார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். இதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. தாடை எலும்பும் மண்டை எலும்பும் அதிர்ந்து உள்ளே இருந்தும் கொண்டுபோகின்றன. அந்த அதிர்வு குரலுக்குக் கொஞ்சம் கனம் கூட்டும். பதிவில் அது இருக்காது, அதனால் குரல் மெலிந்து கேட்கும். "மற்றவர்கள் எல்லாரும் உன்னை எப்போதும் இந்தக் குரலில்தான் கேட்கிறார்கள்" என்று சொன்னதும் அழுதவள் அடங்கினாள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. லகர ளகர ழகர வேறுபாட்டை நான் சொல்லித் திருத்தும் நிலை போய், "இரு இரு, நான் 'பல்லி'ன்னு சொல்லிட்டேன், பள்ளி! திரும்ப எடுப்போம்" என்று அவர்களே நிறுத்தித் திருத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். இத்தனை ஆண்டுகளாகச் சிவப்புப் பேனாவால் முடியாததை ஒரு பழைய கைப்பேசி செய்தது.

மூன்றாவது நிகழ்ச்சிக்குத்தான் அந்தப் பாட்டி வந்தார். ஒரு மாணவியின் அப்பாவைப் பெற்றவர். எங்கள் பள்ளி முன்பு இருந்த தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அங்குள்ள தரை வீடுகளில்தான் என் மாணவர்கள் பாதிப் பேர் குடியிருக்கிறார்கள். தாங்கள் படுத்துத் தூங்கும் இடத்தில் ஒரு காலத்தில் மரங்கள் நிரை நிரையாக நின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது.

பாட்டி சேலையைத் திருத்திக்கொண்டு, பாடநூல் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "டீச்சரம்மா, எனக்குப் படிப்பு கெடையாது. நான் என்னத்த பேசப் போறேன்?" என்றார். பேத்தி முதல் கேள்வியைக் கேட்டாள். "பாட்டி, நீங்க காலையில எத்தன மணிக்கு எழுந்திரிப்பீங்க?"

"நாலு மணிக்கு. அஞ்சரைக்குப் பெரட்டு. அதுக்குப் பிந்திப் போனா வேல இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. புள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டுக் கித்தாக் காட்டுக்குப் போவணும்."

அறையில் இருந்த ஐந்து பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரட்டு? ஆயாக் கொட்டகை? கித்தா? பாட்டி நிறுத்தவில்லை. மங்கு துடைக்கப் போனது, காண்டாக் கம்பில் வாளியைத் தொங்கவிட்டு நடந்தது, ஒட்டுப்பால் பொறுக்கியது, மழை வந்தால் அன்றைய பால் வீணாகிக் கூலி குறைந்தது என்று இருபது நிமிடம் பேசினார்.

பதிவு முடிந்ததும் எனக்குள் இருந்த மொழி ஆசிரியை விழித்துக்கொண்டாள். "இதில் நிறைய கொச்சை இருக்கிறது. கித்தா என்று வரும் இடத்தில் ரப்பர் என்று ஓர் அறிவிப்பு சேர்த்துவிடுவோம். பெரட்டு வரும் இடத்தை வெட்டிவிடலாம்" என்றேன். பேத்திக்கு முகம் மாறிவிட்டது. "பாட்டி அப்படிச் சொல்லலையே டீச்சர்" என்றாள், மிக மெதுவாக.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். கித்தா, 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பெரட்டு, 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்; விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. இந்த நாட்டில் நம் பாட்டன் பாட்டிகள் பட்ட பாடு இந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டு நான் எந்தத் தமிழைக் காப்பாற்றப் போகிறேன்? மறுநாள் நானே போய் வேறு வழி சொன்னேன். பாட்டியின் பேச்சை அப்படியே விடுவது, கடைசியில் இரண்டு நிமிடம் 'பாட்டியின் சொற்கள்' என்று பிள்ளைகளே அவற்றுக்கு விளக்கம் சொல்வது. அந்தப் பகுதிதான் பிறகு எல்லா நிகழ்ச்சியிலும் வரும் பகுதியாகிவிட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

இருபது நிமிடப் பேச்சை எட்டு நிமிடமாகச் சுருக்க வேண்டும். சன்னலோரப் பையனுக்கு நான் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: திரையில் ஒலி மேடும் பள்ளமுமாகத் தெரியும்; நேர்க்கோடாக இருக்கும் இடம் மௌனம்; அதை வெட்டிவிடு. அவன் ஒழுங்காக வெட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் மட்டும் ஒரு நீண்ட கோட்டை அப்படியே விட்டிருந்தான். "பாட்டி, நீங்க ஏன் பள்ளிக்கூடம் போகல?" என்று பேத்தி கேட்ட இடம். அதன் பிறகு 11 விநாடி ஒன்றுமில்லை. பின்னர், "தம்பி தங்கச்சிய யாரு பாக்குறது?" என்று பாட்டியின் குரல்.

"இதை ஏன்டா விட்டுட்ட? வெட்டு" என்றேன்.

அவன் மேலே கூரையைப் பார்த்தான். எனக்கு மடிக்கணினி வேலை இருந்ததால் நகராமல் நின்றேன். அதனால் மட்டும்தான் அவன் பதில் எனக்குக் கிடைத்தது.

"அங்க பாட்டி யோசிக்கிறாங்க, டீச்சர்."

பிறகு, கொஞ்சம் பொறுத்து, "அத வெட்டுனா, பாட்டிக்கு அது ஈஸியான கேள்வி மாதிரி ஆயிடும்" என்றான்.

அந்தப் பையன் வகுப்பில் என்னிடம் தொடர்ந்து இரண்டு வாக்கியம் பேசியது அதுதான் முதல் முறை. நான் அந்த 11 விநாடியை விட்டுவிடச் சொன்னேன். நீங்கள் அந்த நிகழ்ச்சியைக் கேட்டால் மொத்த நிகழ்ச்சியிலும் கனமான இடம் அதுதான் என்று சொல்வீர்கள்.

அன்று மாலை மற்ற கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் கைப்பேசியைச் சோதிப்பதற்காக என் பாட வேளை ஒன்றை முழுதாகப் பதிவு செய்திருந்தோம். யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. எதற்கோ ஓடவிட்டேன். என் குரல். நான் கேள்வி கேட்கிறேன், ஒரு பிள்ளை பதில் சொல்கிறது, அடுத்த கேள்வி. பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். நாற்காலி நகரும் சத்தம். உடனே என் குரலே, "தெரியலையா? சரி, உட்காரு. அடுத்தது யாரு?"

திரையில் பார்த்தேன். என் கேள்வி முடிந்த இடத்துக்கும் 'தெரியலையா' என்று நான் தொடங்கிய இடத்துக்கும் நடுவே கோடு இருந்ததே தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு விநாடிக்கும் கொஞ்சம் அதிகம். அந்த நேரத்தில் பாதியை நாற்காலி எடுத்துக்கொண்டது. பேச்சுப் போட்டி மாணவிக்கோ அதே பாடத்தில் நான்கு விநாடி காத்திருந்திருக்கிறேன். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

கல்லூரியில் இதைப் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவு நாடாக்களைக் கேட்டுக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலோ நீட்டினால் மாணவர்களின் பதில் நீளமாகிறது, பதிலே சொல்லாதவர்கள் குறைகிறார்கள், மெதுவானவர்கள் என்று ஆசிரியர் நினைத்திருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். இன்னொன்றும் அவர் கண்டார். கெட்டிக்காரர்கள் என்று தாங்கள் கருதும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் கூடுதல் நேரமும் மற்றவர்களுக்குக் குறைந்த நேரமும் கொடுக்கிறார்கள். தேர்வுக்காக இதை மனனம் செய்து எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். பிறகு வகுப்பறைக்கு வந்து அவர் எழுதியதை அப்படியே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாம் நிலை என்று நான் போட்டது அவன் பேச்சுக்கு இல்லை. என் அவசரத்துக்கு நான் போட்ட புள்ளி, அவன் பெயரில் ஏறியிருக்கிறது. அந்தப் பதிவைப் பார்த்து அவன் அம்மா வீட்டில் என்ன சொல்லியிருப்பார், அவன் தன்னைப் பற்றி என்ன முடிவு செய்திருப்பான் என்று நினைத்தபோது அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதல் கேள்வி கேட்டதும் மேசைக்கு அடியில் விரலால் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சொல்வதற்கு எளிது. நாற்பது நிமிடத்தில் பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு ஐந்து விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். முதல் நாள் பிள்ளைகளே பயந்துவிட்டார்கள். "டீச்சருக்குக் கோபமா?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. பாடம் கொஞ்சம் பின்தங்கத்தான் செய்தது. அதற்கு ஈடாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் கூடினார்கள். வழக்கமாகக் கை தூக்கும் நாலைந்து பேர் தவிர மற்றவர்களின் குரலும் எனக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்தது.

அவன் மறுநாளே பேச்சாளன் ஆகிவிட்டான் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்படி ஆகவும் இல்லை. இன்னும் கூரையைத்தான் பார்க்கிறான். ஆனால் கூரையிலிருந்து கண் இறங்கும்போது பதிலும் சேர்ந்து இறங்குகிறது. ஆறாவது, ஏழாவது விநாடியில் வருகிறது. வந்தால் முழுமையாக வருகிறது. அவன் அம்மாவைப் பள்ளிக்கு அழைத்து, மதிப்பீட்டில் நான் செய்த தவறைச் சொல்லி, நிலையை மாற்றிவிட்டதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் காத்திருந்தேன். "வீட்டுலயும் நாங்க அவன பேசவிடறதில்ல டீச்சர். அவனுக்குப் பதிலா அக்காதான் பேசிடுவா" என்றார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வேறு பள்ளி ஆசிரியர்கள் யாராவது தொடங்குவதாக இருந்தால் உதவும். பாட்டியின் நிகழ்ச்சி நன்றாக வந்ததும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் அதை முகநூலில் போடலாம், பிள்ளைகளின் படத்தையும் சேர்த்தால் பள்ளிக்கு நல்ல விளம்பரம் என்றார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் பள்ளி எங்களுடையது. அவர்கள் ஆசையில் தவறில்லை. ஆனால் குரலும் ஓர் அடையாளம்தான். பத்து பதினொரு வயதுப் பிள்ளை மனம் திறந்து பேசியதை ஊரார் கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. ஒரு பையன் தன் அப்பாவின் வேலை போனதைப் பற்றி ஒரு பதிவில் இயல்பாகப் பேசியிருந்தான். அவனுக்கு அதில் வெட்கம் இல்லை. வெளியே போயிருந்தால் ஒருவேளை வெட்கம் வரவைத்திருப்பார்கள். அந்தப் பகுதியை அவன் பெற்றோரிடம் போட்டுக் காட்டிக் கேட்டோம். அவர்கள் வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டோம். தலைமையாசிரியரும் எங்கள் பக்கம் நின்றார். எழுத்து மூலம் பெற்றோர் அனுமதி, நிகழ்ச்சியில் முழுப்பெயர் இல்லை, முகவரி இல்லை, வகுப்புப் பெற்றோர் புலனக் குழுவோடு சரி. இதுதான் எங்கள் ஏற்பாடு. கேட்பவர்கள் முப்பது நாற்பது பேர் இருக்கலாம். அது போதும். பாட்டி பேசிய நிகழ்ச்சியை வேலை முடிந்து வரும் வழியில் பேருந்திலேயே கேட்டு அழுததாக ஓர் அம்மா புலனத்தில் எழுதியிருந்தார். அவரும் அந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவராம்.

கடந்த மாதம் கேன்டீன் நிகழ்ச்சியைப் பதிவு செய்தோம். நாசி லெமாக் ஏன் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு விடை கிடைத்தது. அரிசி விலை, சம்பல், மீந்துபோனால் நட்டம் என்று கேன்டீன் அக்கா விளக்கமாகச் சொன்னார். கேள்விக் குழுவில் ஒருத்திக்குக் காய்ச்சல். அவள் இடத்தில் சன்னலோரப் பையன் உட்கார வேண்டியதாயிற்று. மற்றவர்கள் கேட்டு முடித்ததும் அவன் பக்கம் பார்த்தோம். கூரையைப் பார்த்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கும் இப்போது பழகிவிட்டது.

"அக்கா, எல்லாருக்கும் குடுத்துட்டு, நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

கேன்டீன் அக்கா பதில் சொல்லவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான், "ஒரு மணிக்கு மேல ஆகும்டா தம்பி" என்றார்.

தொகுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கோட்டை அவன் தொடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கிள்ளான் வாசகரே, பிள்ளைகள் பேசுவது குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு கைப்பேசி இருக்கும். பேரப்பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதை மேசையில் வைத்துப் பதிவு பொத்தானை அழுத்துங்கள். அவர்களை உங்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். கேட்டுவிட்டு மேசைக்கு அடியில் விரல்விட்டு ஐந்துவரை எண்ணுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள்.